பழைய பைக்கின் இடுப்பு

வியாழக்கிழமை மாலை பெங்களூரு விவேக் நகரில் வண்டி ஓட்டப் பொறுமை வேண்டும். குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டம், மெழுகுவர்த்திக் கடைகள், நடுரோட்டில் ஆளை இறக்கும் ஆட்டோக்கள் என்று எல்லா வண்டியும் நடைவேகத்தில்தான் ஊரும். பழைய பைக் ஒன்றின் பின்பக்கத்தை நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. முன்னால் ஒரு யெஸ்டி போகிறது என்று வையுங்கள். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்குகிறது. பின்சக்கரம் இறங்கிய பிறகு சீட் மூன்று முறை மேலும் கீழும் ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இறங்கும் அந்தக் கணத்தில் பின்சக்கரம் ஒரு பக்கமாக நெளிந்து திரும்புகிறது, வாத்து நடப்பதைப் போல.

இரண்டும் இரண்டு நோய். ஆனால் பட்டறையில் இரண்டுக்கும் ஒரே பெயர்: "ஷாக் போயிடுச்சு சார்." புதிய ஷாக் ஜோடி வரும், மாட்டுவார்கள், பில் கொடுப்பார்கள். துள்ளல் நிற்கும், நெளிசல் அப்படியே இருக்கும். முழங்காலுக்கு மருந்து பூசி இடுப்பு வலியைக் குணப்படுத்தப் பார்க்கும் கதை இது. பழைய பைக்கின் பின்சஸ்பென்ஷனைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் ரூபாயை இடுப்பில் செலவழியுங்கள், ஷாக்குக்கு அப்புறம் வரலாம்.

இடுப்பு என்று நான் சொல்வது ஸ்விங் ஆர்ம் ஃப்ரேமோடு சேரும் மூட்டை. உருது பேசும் மெக்கானிக்குகள் ஸ்விங் ஆர்மைச் 'சிம்டா' என்பார்கள். சிம்டா என்றால் இடுக்கி. பொருத்தமான பெயர்தான், இரு கையால் பின்சக்கரத்தை இடுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த இடுக்கி மேலும் கீழும் மட்டுமே அசையவேண்டும். பக்கவாட்டில் ஒரு மயிரிழை அசைந்தாலும் வண்டி தானாக ஒரு வழி தேடிக்கொள்ளும்.

இந்த இடுக்கி வருவதற்கு முன்னால் பின்சக்கரம் ஃப்ரேமோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய பிஎஸ்ஏ எம்20, நார்ட்டன் 16எச் எல்லாம் அந்த ஜாதி. சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு ஸ்பிரிங்தான் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. அந்த வண்டிகளை மீட்டெடுப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு: பின்னால் பழுது பார்க்க எதுவுமே இல்லை. பிறகு பிளஞ்சர் வந்தது. பின் அச்சின் இரு முனையும் செங்குத்தான குழாய்களில் ஸ்பிரிங் மேல் ஏறி இறங்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா 1946-இல் இப்படியொரு 250 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பேராக்'. ஸ்பிரிங் என்பதற்கான செக் சொல்லிலிருந்து பிறந்த பெயர். டிரையம்ஃப் இன்னும் விநோதமாக, ஸ்பிரிங்குகளைப் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே திணித்தது. அந்த ஹப்பைத் தெரியாமல் பிரித்து விரலை இழக்கும் ஆபத்து இன்றைக்கும் உண்டு.

1948-இல் ராயல் என்ஃபீல்டு தன் புல்லட்டின் முன்மாதிரியை ஸ்விங் ஆர்மோடு போட்டிக்கு அனுப்பியது. அந்த ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வாங்கின. 1954-இல் ஜாவாவும் பிளஞ்சரைக் கைவிட்டு ஸ்விங் ஆர்முக்கு மாறியது. செக் மக்கள் மறுபடியும் பின்பக்கத்தைப் பார்த்தே பெயர் வைத்தார்கள்: 'கீவாச்கா', ஆடுகிறவள். 1961 முதல் மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து வெளிவந்த ஜாவா 250 இந்த ஆடுகிறவளின் இந்தியத் தங்கைதான். பெட்ரோல் டேங்கைப் பார்த்தோ சத்தத்தைக் கேட்டோ பெயர் வைக்காமல் பின்சக்கர அமைப்பைப் பார்த்து ஒரு வண்டிக்குப் பெயர் வைத்த ஊரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. 2018-இல் அறிவிக்கப்பட்ட புதிய ஜாவா பேராக்கில் சீட்டுக்கு அடியில் மோனோஷாக் ஒளிந்திருக்கிறது. பெயர் மட்டும் பிளஞ்சருடையது.

1955-இல் சென்னையில் தொடங்கி திருவொற்றியூரில் வளர்ந்த என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட், மைசூரின் ஜாவா, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் என்று இந்தியாவில் பேர் பெற்ற பைக்குகள் எல்லாமே முதல் நாளிலிருந்து ஸ்விங் ஆர்ம் வண்டிகள். ஆகவே நம் ஊரில் பழைய பைக்கின் பின்பக்கம் என்றால் கேள்வி மூன்றே பாகத்தைச் சுற்றி: மூட்டு, ஸ்பிரிங், டாம்பர்.

மூட்டு எப்படிச் சாகிறது? ஃப்ரேமின் குறுக்கே ஓர் எஃகுத் தண்டு, அதன் மேல் ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் இரண்டு புஷ். புஷ் இரண்டு வகை. ஒன்று, இரண்டு எஃகுக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை ஒட்டிய சைலன்ட் பிளாக். இதில் எதுவும் உரசிச் சுழல்வதில்லை, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. கிரீஸ் வேண்டாம். ஆனால் முப்பது வருஷத்தில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், எண்ணெய் பட்டால் உப்பும், ஒட்டு விட்டுப்போனால் இடுக்கி உள்ளேயே அலையும். இன்னொன்று வெண்கலம் அல்லது கன்மெட்டல் புஷ். இதற்குக் கிரீஸ்தான் சாப்பாடு. கிரீஸ் நிப்பிள் இருந்தும் அதில் கன்னை வைத்தவர் யாருமில்லை என்பதுதான் நான் பார்த்த பெரும்பாலான வண்டிகளின் வரலாறு. பெங்களூரு மழை, மண், வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீர் எல்லாம் உள்ளே போகும்; புஷ் முட்டை வடிவில் தேயும்; தண்டில் பாரம் விழும் பக்கம் மட்டும் பள்ளம் விழும்.

தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத அளவாக இருப்பதுதான் சிக்கல். இரண்டு புஷ்ஷுக்கும் இடையே 200 மி.மீ., மூட்டிலிருந்து பின் அச்சுவரை 450 மி.மீ. என்று ஒரு கணக்குக்கு வைப்போம். ஒவ்வொரு புஷ்ஷிலும் கால் மி.மீ. இடைவெளி விழுந்தால், அச்சில் அது பக்கத்துக்குப் பக்கம் ஒரு மி.மீ.க்கும் அதிகமான ஆட்டமாகப் பெருகும். டர்னர் பாஷையில் சொன்னால் அந்தக் கால் மி.மீ. பத்து தவ் தேய்மானம், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அந்த ஒரு மி.மீ. உங்கள் இடுப்புக்கு உடனே தெரிந்துவிடும்.

சோதனைக்கு அளவுக் கருவி எதுவும் தேவையில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு ஷாக்கையும் சக்கரத்தையும் கழற்றிவிட்டு, ஸ்விங் ஆர்மின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் புஷ் போய்விட்டது. சத்தமே இல்லாமல் நகர்ந்தாலும் போய்விட்டது. இறுகிப்போய் மேலும் கீழும்கூட அசையவில்லை என்றால் தண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது வேறு துன்பம். சக்கரத்தைக் கழற்றாமல் சோதித்தால் ஹப் பேரிங்கின் ஆட்டத்தையும் இதன் கணக்கில் எழுதிவிடுவோம்.

செயின் இன்னொரு சாட்சி. கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டும் ஸ்விங் ஆர்ம் மூட்டும் ஒரே மையத்தில் இல்லாததால், பின்சக்கரம் மேலே கீழே போகப்போக செயின் இறுகும், தளரும். மூட்டும் சேர்ந்து ஆடினால் செயின் கோணலாக ஓடி ஸ்பிராக்கெட் பற்களின் ஒரு பக்கத்தை மட்டும் தின்னும். ஜாவாவிலும் யெஸ்டியிலும் செயின் முழுக்க உறைக்குள், ரப்பர்க் குழாய்களுக்குள் ஓடுவதால் இந்தச் சாட்சி வாய் திறப்பதே இல்லை. உறையைக் கழற்றினால்தான் தெரியும்.

இனி கழற்றுவது. ஒட்டிக்கொண்ட தண்டை முதல் நாளே சுத்தியலால் அடிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முனை விரிந்து காளான் ஆகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை நாலைந்து நாள் விட்டுவிட்டு ஊற்றி, தண்டைச் சுழற்ற முடிகிறதா என்று பார்ப்பதுதான் வழி. சுழன்றால் பாதி வேலை முடிந்தது. சைலன்ட் பிளாக்கை எடுக்க கேஸ் ஃபிளேமால் ரப்பரை எரிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அந்தக் கரும்புகை நுரையீரலுக்கும் ஆகாது, ஸ்விங் ஆர்மின் மெல்லிய குழாய்க்கும் பிரேசிங் இணைப்புக்கும் ஆகாது. ரப்பரைத் துளைத்து எடுத்துவிட்டு, வெளிக்குழாயை ஹாக்ஸா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் கீறினால் அது தானாகச் சுருங்கி வெளியே வரும். ஒரு மணி நேரப் பொறுமை.

புது புஷ்ஷை பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றியதும் அதன் உள்விட்டம் சற்றுச் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகுதான் ரீமர் போட்டுத் தண்டுக்குப் பொருத்த வேண்டும், அதுவும் இரண்டு புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில், ஒரே ரீமரால். லேத்திலேயே கடைந்த அளவோடு ஏற்றிவிட்டு, இறுகினால் எமரி பேப்பரை விரலில் சுற்றித் தேய்ப்பது பெரும்பாலான இடங்களின் வழக்கம். துளை கிண்ணம்போல் வாய் அகன்றுவிடும், ஆறு மாதத்தில் பழைய கதை. தண்டில் பள்ளம் இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். இஎன் 8 எஃகில் கடைந்து மேற்பரப்பைக் கடினப்படுத்தினால் போதும். பழைய தண்டுக்குப் புது புஷ் போடுவது கிழிந்த செருப்புக்குப் புது வார் தைப்பதுதான். ஸ்விங் ஆர்ம் மேஜையில் இருக்கும்போதே அது முறுக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மூட்டுத் துளையில் ஒரு நீண்ட தண்டு, அச்சுத் துளைகளில் இன்னொன்று. எதிரிலிருந்து பார்த்தால் இரண்டும் இணையாகத் தெரியவேண்டும். வண்டியில் மாட்டிய பிறகு நூல் பிடித்துச் சக்கரங்களின் நேர் பார்ப்பது கடைசிப் படி.

இந்த வேலையைச் செய்யக்கூடிய கைகள் இந்த நகரில் எப்படி உருவாயின என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. 1940-இல் எச்ஏஎல், 1948-இல் ஐடிஐ, 1953-இல் எச்எம்டி, 1954-இல் பிஇஎல் என்று அடுத்தடுத்து வந்த ஆலைகளும், விவேக் நகருக்குப் பக்கத்து ஆடுகோடியில் டீசல் பம்ப் செய்த மைக்கோவும் மைக்ரானில் யோசிக்கும் தொழிலாளர்களை வளர்த்தன. டீசல் பம்பின் பிளஞ்சரைத் தேய்த்துப் பொருத்தியவருக்கு ஸ்விங் ஆர்ம் புஷ் விளையாட்டுச் சாமான். அப்படிப்பட்டவர்கள் சிலர் ஓய்வுக்குப் பின் ஒரு லேத்தை வாங்கிப்போட்டுச் சந்துக்குள் உட்கார்ந்தார்கள். தமிழில் திட்டிக்கொண்டே கன்னடத்தில் விலை சொல்லும் டர்னர் ஒருவரிடம்தான் நான் 'தவ்' என்ற அளவைக் கற்றேன். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவரே போல்ட்டைப் பற்றிப் பேசும்போது 'நூல்' கணக்குக்கு மாறிவிடுவார். எட்டு நூல் ஓர் அங்குலம். புல்லட்டின் பழைய போல்ட்டுகள் பிரிட்டிஷ் மரை, ஜாவாவுடையவை மெட்ரிக். இது தெரியாமல் ஒரே ஸ்பானரால் இரண்டையும் திருகியவர்கள் உருட்டிவிட்ட நட்டுகள் காயலான் கடைகளில் இன்றைக்கும் கிடைக்கும்.

ஸ்பிரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் ஸ்பிரிங் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. துருவேறிப் பள்ளம் விழுந்தால் அங்கே உடையும். பல்லாண்டு பாரத்தில் சில மி.மீ. தணியும். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். 'கொஞ்சம் ஹார்டா இருக்கட்டும்' என்று தடித்த கம்பியில் சுற்றச் சொல்பவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல் இருந்தால், ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். கொஞ்சம் ஹார்டு கேட்டவருக்குக் கிடைப்பது கட்டைவண்டி. வண்டியைத் தாழ்த்த ஒரு சுற்றை வெட்டுபவர்களும் ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிறார்கள், கூடவே அதன் ஓட்டத்தையும் திருடுகிறார்கள்.

டாம்பர் வேறு விஷயம். ஸ்பிரிங் வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். அதைச் சூடாக்கி எண்ணெயில் கரைத்துவிடுவது டாம்பரின் வேலை. உள்ளே ஒரு தண்டு, அதன் முனையில் சிறு துளைகளும் வால்வும் உள்ள பிஸ்டன். வேகத்தடையில் மூன்று முறை துள்ளிய அந்த யெஸ்டிக்கு இங்கேதான் கோளாறு. எண்ணெய் கசிந்திருக்கும், அல்லது கறுத்துத் தண்ணீராகியிருக்கும். பழைய ஷாக்குகளில் பல பிரித்துப் பழுது பார்க்கும்படி செய்யப்பட்டவை. பிற்காலத்து வண்டிகளில் உதட்டை மடித்து மூடியவை வந்தன. அவை தேய்ந்தால் தூக்கிப் போடுவதற்காகவே பிறந்தவை. அப்படிப்பட்டதையும் அறுத்து, மரை வெட்டி, மூடி போட்டு உயிர் கொடுப்பவர்கள் உண்டு. கைத்திறனை மெச்சுவேன், என் வண்டியில் மாட்ட மாட்டேன். வாயு அடைத்த ஷாக் என்றால் துளையிடும் எண்ணமே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நைட்ரஜன் மன்னிக்காது.

பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். ஒரு மி.மீ. அமுங்க ஒன்றரைக் கிலோ கேட்கும் ஸ்பிரிங் 50 மி.மீ. அமுங்கியிருந்தால் 75 கிலோ அங்கே காத்திருக்கிறது. இருவர் கையால் அமுக்க, மூன்றாமவர் பூட்டை உருவும் காட்சியை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

உள்ளே பார்க்கவேண்டியது தண்டின் மேற்பரப்பு. நகத்தால் வருடும்போது குழி தட்டுப்பட்டால் எந்தப் புது சீலும் நிற்காது. தண்டைத் தேய்த்து, ஹார்டு குரோம் ஏற்றி, மறுபடி கிரைண்டிங் செய்ய வேண்டும். பீன்யாவில் இந்த வேலை நடக்கும். அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த செய்தியும் கூடவே நினைவுக்கு வரும். நம் ஆசை வண்டியின் பளபளப்புக்கு யாரோ ஒருவரின் போர்வெல் விலை கொடுத்திருக்கலாம். குழி இல்லாத தண்டை வெறுமனே பாலிஷ் செய்து விட்டுவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் ஊற்றுவதில்தான் பெரும்பாலான ரீபில்டுகள் தோற்கின்றன. என் வண்டியின் ஷாக்கை ஒரு பட்டறையில் பிரித்துக் கழுவி, 'நிறைய இருந்தால் நல்லது' என்று விளிம்புவரை ஊற்றி மூடினார்கள். ஈஜிபுராப் பக்கம் முதல் பள்ளத்திலேயே சீல் பிதுங்கிச் சட்டையெல்லாம் எண்ணெய். காரணம் எளிது. ஷாக் அமுங்கும்போது தண்டு உள்ளே நுழைகிறது. நுழையும் தண்டுக்கு இடம் வேண்டும். 12 மி.மீ. தண்டு 80 மி.மீ. உள்ளே போனால் ஒன்பது சிசி இடத்தைப் பிடிக்கும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அந்த ஒன்பது சிசியைவிடக் கணிசமாகக் கூடுதலான காற்று மேலே இருந்தாக வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவை சிரிஞ்சில் எடுத்து ஊற்றி, செங்குத்தாகப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை இழுத்து அமுக்கினால் காற்று மேலே போய்விடும். பழைய ரகத்தைப் படுக்க வைத்தால் காற்று மறுபடி பிஸ்டனுக்குக் கீழே புகுந்துகொள்ளும். மாட்டும்வரை நிற்கவைத்தே வையுங்கள்.

உதிரிப் பாகம் எங்கே? பெங்களூரில் ஜே.சி. ரோடு, சிவாஜி நகரின் குஜிரி (காயலான்) கடைகள், சென்னையில் புதுப்பேட்டை. யெஸ்டியைச் செய்த ஐடியல் ஜாவா 1996-இல் மூடியபின் யெஸ்டிக்காரர்கள் இந்தக் கடைகளை நம்பியே வாழ்ந்தார்கள். ஜாவா 2018-இலும் யெஸ்டி 2022-இலும் புதுப் பிறவி எடுத்தன. ஆனால் புது வண்டியின் பாகம் பழையதற்குச் சேராது. ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா நாள் கொண்டாடக் கூடும் கூட்டத்தில் புகையைவிட அதிகமாகப் பரிமாறப்படுவது யாரிடம் எந்தப் பாகம் இருக்கிறது என்ற தகவல்தான். கடையில் பளபளக்கும் புது ஷாக்கையும், கறை படிந்த பழைய அசலையும் பக்கத்தில் வைத்தால் நான் பழையதை எடுப்பேன், தண்டில் குழி இல்லாத பட்சத்தில். புதியது பலசமயம் நீளத்தில் பத்து மி.மீ. கூடவோ குறையவோ இருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் முன்ஃபோர்க்கின் சாய்வு மாறும், ஸ்டியரிங் பதறும், செயினும் வேறு கோணத்தில் ஓடும்.

மோனோஷாக்காக மாற்றுகிறேன் என்று வருபவர்களுக்குச் சட்டமே பதில் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள் ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துள்ள தனிப் பதிவெண் தருகின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் அசல் வடிவில் இருக்க வேண்டும். மோனோஷாக்குக்காக ஃப்ரேமை வெட்டி ஒட்டியவருக்கு அந்தக் கதவு அடைபடும். 1978-இல் பிறந்த யெஸ்டி ரோட்கிங்குக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. 2028 வரை வெட்டாமல் வைத்திருப்பவருக்கு அதிர்ஷ்டம். தேய்ந்த புஷ்ஷை மாற்றுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

இவ்வளவு சின்ன மூட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்று சந்தேகப்படுபவர்கள் விவேக் நகரைத் தாண்டி அகரம் பக்கம் போகலாம். அங்கே ராணுவத்தின் ஏஎஸ்சி மையம் இருக்கிறது. அதன் டொர்னேடோஸ் அணி 2017 நவம்பர் 19 அன்று எலஹங்காவில் ஒரே 500 சிசி ராயல் என்ஃபீல்டில் 58 பேரை ஏற்றி 1,200 மீட்டர் ஓட்டியது. அவ்வளவு பேருக்கும் தாங்குசட்டம் தனியாகப் பொருத்தியிருந்தார்கள் என்றாலும், பாரத்தை உருட்டியது அதே இரண்டு சக்கரங்கள்தான்.

என் வண்டிக்குப் போன வைகாசியில் புது புஷ், புதுத் தண்டு. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மூட்டின் நட்டை மறுபடி பார்த்தேன்; அரைத் திருகு தளர்ந்திருந்தது, இறுக்கினேன். கிரீஸ் கன் ஒன்று வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மழை தொடங்குமுன் ஒரு தரம், விட்டபின் ஒரு தரம், பழைய கிரீஸ் இரு பக்கமும் கறுப்பாகப் பிதுங்கி வந்து, பின்னால் புதியதன் மஞ்சள் தெரியும்வரை அடிக்க வேண்டும். போன வாரம் அடித்தபோது கறுப்பு வரவே இல்லை, முதல் அழுத்திலேயே மஞ்சள்.